எங்கள் ஆட்டத்தையும் நியமனக் கடிதத்தில் எழுதுங்கள்

கொழும்பில் கூடைப்பந்து அணி வைத்திருக்கும் கம்பனிகளின் விளையாட்டுக் கழகச் செயலாளர்களுக்கும் மனிதவளப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். சிலருடைய அணிக்கு ஆடியிருக்கிறேன், சிலருடைய அணிக்கு எதிராக ஆடியிருக்கிறேன், சிலரோடு இரண்டும் நடந்திருக்கிறது. பாடசாலை முடித்த கையோடு மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வந்து, கம்பனிக்குக் கம்பனி மாறி ஆடி, இப்போது ஆட்டத்தின் கடைசி வருடங்களில் நிற்கிற ஒரு பொயிண்ட் கார்ட் நான், அதாவது பந்தைக் கொண்டுபோய் அணியின் ஆட்டத்தை நடத்துகிறவன். பெரிய பெயர் எதுவும் எனக்கு இல்லை. தேசிய அணியின் பயிற்சிக் குழாம் வரைக்கும் போனேன், இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. ஆனால் உங்கள் அணிகளில் சட்டை போடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. எங்களை ஆட்டத்துக்காக வேலைக்கு எடுக்கிறீர்கள் என்றால் அதை நியமனக் கடிதத்தில் எழுதுங்கள். எழுதத் தொடங்கினால் மற்றக் கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டிவரும். கோட்டில், அதாவது ஆடுகளத்தில், காயம் பட்டால் யார் பொறுப்பு? கால் ஓய்ந்தபின் வேலை என்னவாகும்? அணி மாறும்போது உழைத்த காலம் எங்கே போகும்? இன்று இந்தப் பதில்கள் எல்லாம் வாய்ப்பேச்சாகவே இருக்கின்றன. வாக்குக் கொடுத்த மெனேஜர் வேறு இடத்துக்குப் போனால் வாக்கும் அவரோடு போய்விடுகிறது.

இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காக எங்கள் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் கூடைப்பந்தை மட்டும் ஆடிச் சீவிக்க வழி கிடையாது. ஒரு பக்கம் தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள். அங்கே சேர்கிறவர் சீருடைக்காரர், அவருக்கு ஒரு சேவை ஒழுங்கு இருக்கிறது. மறுபக்கம் மெர்கன்டைல் என்று நாங்கள் சொல்கிற கம்பனி அணிகள். இங்கே வீரர் என்று ஒரு பதவி இல்லை. கடிதத்தில் நாங்கள் மார்க்கெட்டிங் எக்சிகியூட்டிவ், ஸ்டோர்ஸ் அசிஸ்டன்ட், டேட்டா என்ட்ரி ஒப்பரேட்டர். எடுக்கப்பட்டதோ ஆட்டத்துக்காக. என்னுடைய நேர்முகத் தேர்வு ஒன்றில் அணியின் பயிற்சியாளரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். உயரம் கேட்டார்கள், பழைய காயம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள், போன சீசனில் எந்த அணியோடு ஆடினாய் என்று கேட்டார்கள். கணினி வேலை தெரியுமா என்பது கடைசிவரை வரவில்லை. கிடைத்த கடிதத்தில் பந்து என்ற சொல்லே இல்லை.

அணி மாறி ஆடுகிறவனைப் பற்றி உங்கள் கூட்டங்களில் என்ன பேசுகிறீர்கள் என்பது எங்கள் காதுக்கும் வரும். "அவன் நிலையில்லாதவன், ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்தால் போய்விடுவான்." இது நியாயமில்லை. நாங்கள் மாறியதற்கான காரணங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு கம்பனி அந்த வருடத்தோடு அணியைக் கலைத்தது. இன்னொன்றில் புதுப் பணிப்பாளர் வந்தார், அவருக்கு கிரிக்கெட்தான் பிடிக்கும். வேறொன்றில் என் இடத்துக்கு வயது குறைந்த ஒரு பையனை எடுத்தார்கள், அதைக்கூட நான் குறை சொல்லமாட்டேன், ஆட்டம் என்றால் அப்படித்தான். 2020இல் கொரோனா வந்து போட்டிகள் நின்றன. 2022இல் பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக இருந்த மாதங்களில் முதலில் கத்தி விழுந்தது விளையாட்டுச் செலவில். காசுக்காகப் போனவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வாடகை ஏறினால் யாரும் சம்பளம் கூடிய இடத்தைத்தான் பார்ப்பார்கள். கணக்காளர் ஒருவர் கம்பனி மாறினால் அதை முன்னேற்றம் என்று வாழ்த்தி அனுப்புகிறீர்கள். எங்களுக்கும் அதே மரியாதை போதும்.

இப்படி மாறி மாறி ஆடுவது ஒரு திறமை என்பதையும் யாரும் கணக்கெடுப்பதில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புது அணியோடு முதல் பயிற்சி. நான் ரிங்கைப் பார்ப்பதில்லை, ஆட்களைப் பார்ப்பேன். கூடைக்குப் பக்கத்தில் ஆடும் சென்டருக்குத் தரையில் தட்டிக் கொடுக்கும் பாஸ் பிடிக்குமா, தலைக்கு மேலே தூக்கிப் போடுவது பிடிக்குமா? மூலையில் நிற்கிற ஷூட்டர் பந்து கைக்கு வரும் முன்னரே கால் வைத்துத் தயாராகிறவரா, பிடித்தபின் ஒரு தட்டுத் தட்டி எறிகிறவரா? யார் பிழைவிட்டால் கத்தலாம், யாரைக் கத்தினால் அன்றைய ஆட்டமே போய்விடும்? இவை எல்லாம் ஓரிரு கிழமைக்குள் கைக்கு வந்துவிட வேண்டும், ஏனென்றால் போட்டி நெருங்கியபின்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். ஸ்க்ரீன் என்பது எதிராளியின் வழியை உடம்பால் மறிப்பது. ஒரே ஸ்க்ரீனுக்கு ஒரு கம்பனியில் ஒரு விரலைக் காட்டுவார்கள், இன்னொரு கம்பனியில் முஷ்டியைத் தூக்குவார்கள். களைத்துப்போன நாலாவது கால்பகுதியில் கை தன்பாட்டில் பழைய அணியின் சைகையைக் காட்டிவிடும். அதைக் கட்டுப்படுத்தப் பழகுவதற்கே ஒரு சீசன் வேண்டும்.

என்னைப் போலத் தமிழ்ப் பிரதேசங்களிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு படியும் இருக்கிறது. என் சிங்களம் கோட்டில் படித்த சிங்களம். எனக்குப் பின்னால் ஸ்க்ரீன் வைக்க ஒருவர் வருகிறார் என்றால் "வம!", "தகுண!" என்று எங்கள் சென்டர் கத்துவார். இடமா வலமா என்று மூளை யோசித்து முடிக்கும் முன் உடம்பு திரும்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சில் மோதி விழ வேண்டியதுதான். அப்படி ஒருவரை ஒருவர் குரலால் காப்பாற்றிக்கொண்டு ஆடிய நட்புகள் எனக்கு இன்றும் இருக்கின்றன. இந்த நகரத்தில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே வியர்வையில் நிற்கிற இடங்களில் உங்கள் பயிற்சிக் கோட்டும் ஒன்று. அதை உருவாக்கியவர்கள் நீங்கள். அந்த நன்றியோடுதான் மற்றதையும் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இந்த ஆட்டத்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் பிரிவைச் சேர்ந்த அமெரிக்கக் குருமார் மட்டக்களப்புக்கு வந்து புனித மிக்கேல் கல்லூரிப் பையன்களுக்குப் பந்தைக் கொடுத்தார்கள். வெபர் அடிகளாரின் பெயரில் ஊரின் மைதானம் இருக்கிறது. 1948இல் லூசியானாவிலிருந்து வந்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் தலைமுறை தலைமுறையாகப் பையன்களைப் பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமற்போனார். இன்றுவரை அவர் திரும்பவில்லை. அந்த ஊரிலிருந்து வருகிற பையனுக்குக் கூடைப்பந்து என்பது மாலை நேரத்துப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. உதயதேவி ரயிலில் ஏறிக் கொழும்புக்கு வரும்போது வீட்டுக்காரர் அவனுக்குச் சொல்வது: "ஆட்டத்தால வேலை கிடைச்சிருக்கு, வேலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கொள்." ஆட்டமும் வேலையும் ஒன்றுதான் என்று நம்பி வருகிறான். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று ஒரு கடிதம் சொல்கிறது என்பது அவனுக்குக் காயம் படும் நாளில்தான் தெரிகிறது.

அப்படி ஒரு நாளை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கம்பனியின் பெயர் வேண்டாம். என்னோடு ஆடிய ஒரு தம்பி, உயரமானவன், ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க, ரீபவுண்டுக்குக் குதித்து இறங்கும்போது இன்னொருவரின் பாதத்தின் மேல் கால் வைத்துவிட்டான். முழங்கால் உள்பக்கமாக மடிந்தது. சத்தம் எனக்குக் கேட்டது. அரங்குக்கு வெளியே இருந்த கடையில் ஐஸ் வாங்கிப் பொலித்தீன் பையில் கட்டிக் காலில் வைத்தோம். ஸ்கேனில் முழங்காலின் ஏ.சி.எல். என்ற பிணைநார் அறுந்திருந்தது. இந்தக் காயம் என்றால் ஒப்பரேஷன், அதன்பின் மாதக்கணக்கில் பிசியோதெரபி, திரும்ப ஆட அநேகமாக ஒன்பது மாதமாவது வேண்டும். அடுத்த கிழமை ஊன்றுகோலோடு ஒஃபிசுக்குப் போனான். விடுமுறைப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "சொந்தக் காரணம்" என்று எழுதச் சொன்னார்கள். கம்பனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, கம்பனியின் வான் வண்டியில் போய், கம்பனியின் பெயருக்காக ஆடி விழுந்தவனின் கையால் அதை எழுத வைத்தார்கள். அவனும் எழுதினான். தகுதிகாண் காலம் முடியவில்லை, வேலை கையில் இல்லாமல் போய்விடுமோ என்ற பயம். சில மாதத்தில் வேலையும் போய்விட்டது.

நாட்டில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் வருகிற காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் ஸ்டோர்ஸ் அசிஸ்டன்டின் வேலை ஸ்டோர்ஸில் இருக்கிறது, கோட்டில் இல்லை என்று வாதாட இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் திறந்து வைத்திருப்பது நியமனக் கடிதம்தான். "கம்பனியின் அணிக்காகப் பயிற்சியிலும் போட்டியிலும் கலந்துகொள்வது இவருடைய கடமைகளில் அடங்கும்" என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தத் தம்பி படிவத்தில் வேறு காரணம் எழுதியிருப்பான். அந்த ஒரு வரிக்கு உங்களுக்கு என்ன செலவு? ஒரு காப்புறுதிப் பத்திரம். அணிக்கு வருடா வருடம் சட்டை தைக்க மறக்காத நிறுவனங்களுக்கு இது தாங்க முடியாத செலவாக இருக்கும் என்று நான் நம்பவில்லை.

அடுத்தது உழைத்த காலம். எனக்கு மிகவும் மனம் நோகிற விஷயம் இது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் பெற வேண்டும். ஐந்து வருடம் முடித்தவருக்குத்தான் அது. இரண்டு வருடம், மூன்று வருடம் என்று மாறுகிற எங்களுக்கு ஒவ்வொரு கம்பனியிலும் கணக்குப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். இளமை முழுவதையும் கொழும்பின் கம்பனி அணிகளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு சதம்கூடப் பணிக்கொடை இல்லாமல் விலகிய வீரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வேலையை விட்டு ஓடியவர்கள் இல்லை. ஒரு சீசன்கூட வீட்டில் இருந்ததில்லை.

இதை எப்படி வேறு விதமாகச் செய்யலாம் என்பதற்கு அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யை எடுத்துக்கொள்கிறேன். சம்பளத்தை ஒப்பிடவில்லை. அது வேறு உலகம். கணக்கு வைக்கும் முறையை மட்டும் பாருங்கள். இஷ் ஸ்மித் என்று ஒரு பொயிண்ட் கார்ட். 2010இல், அணிகள் புது வீரர்களை எடுக்கும் வருடாந்தத் தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. ஹூஸ்டனில் தொடங்கி மெம்பிஸ், கோல்டன் ஸ்டேட், ஓர்லாண்டோ என்று 13 அணிகளுக்கு ஆடினார். அந்த லீக்கில் வேறு யாரும் அத்தனை அணிகளுக்கு ஆடவில்லை. 2023இல் டென்வர் அணியோடு சம்பியன் பட்டமும் வந்தது. அவருடைய ஆட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பையன்களின் ஞாபகம் வரும், அந்த வேகம், அந்த அவசரமில்லாத முகம். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 13 அணி மாறினாலும் அவருடைய சேவைக் காலம் அறுபடவில்லை, ஏனென்றால் அதை எண்ணுவது லீக், தனி அணி இல்லை. மூன்று வருடச் சேவை சேர்ந்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி. எந்த அணியில் எத்தனை மாதம் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. 2016இல் அங்கே வீரர்கள் சங்கம், குறைந்தது மூன்று வருடம் ஆடி ஓய்ந்தவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி கொடுக்கவும் முடிவெடுத்தது. பணம் அன்றைய வீரர்களின் பங்கிலிருந்து போகிறது. அந்தச் சங்கம் 1954இல் தொடங்கியது. எங்களிடம் அப்படி ஒன்று இல்லை, அதைத் தொடங்குவது எங்கள் பொறுப்பு, உங்கள் மேல் அதைச் சுமத்தவில்லை.

அங்கேயும் கடுமையான ஒப்பந்தங்கள் உண்டு. பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. ஜனவரிக்குப் பிறகு ஆள் தேவைப்படுகிற அணி ஒருவரைப் பத்து நாளுக்கு எடுக்கலாம். பத்து நாள் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பலாம். கேட்கவே நெஞ்சு அடைக்கும். ஆனாலும் அதற்கு ஒரு எல்லை எழுதியிருக்கிறார்கள்: ஒரே அணி ஒரு சீசனில் ஒருவரை இரண்டு தடவைக்கு மேல் அப்படி எடுக்க முடியாது. அதற்கு மேலும் அவர் வேண்டுமென்றால் சீசன் முடியும்வரை வைத்திருக்க வேண்டும். பத்து நாள் ஆளுக்குக்கூடத் தன் நிலை என்னவென்று பதினோராவது நாள் தெரியும். கொழும்பில் "போட்டி முடியட்டும், பார்ப்போம்" என்ற ஒரு வசனத்தோடு நான் ஒரு வருடத்துக்கு மேல் ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றுகிற கழகங்கள் உலகம் முழுவதும் இருந்தன. நாடு நாடாகப் போய் ஆடுகிற வீரர்கள் அதனால் எவ்வளவோ பட்டார்கள். அதற்காகத்தான் சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபா 2007இல் ஒரு நடுவர் மன்றத்தை உருவாக்கியது. அது ஜெனீவாவில் இருக்கிறது. அநேகமாக ஒரே ஒரு நடுவர், கடிதங்களை வைத்தே தீர்ப்பு, எந்த நாட்டுச் சட்டம் என்று இழுபடாமல் நியாயத்தைப் பார்த்து முடிவு. தீர்ப்பை மதிக்காத கழகம் வெளிநாட்டு வீரரைப் பதிவு செய்ய முடியாமல் போகலாம். பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கதவைத் தட்ட ஒரு நிபந்தனை உண்டு: தகராறு வந்தால் அந்த மன்றத்துக்குப் போகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். உலகத்தின் எந்த மூலையிலும் வீரனைக் காப்பாற்றுவது கடைசியில் அந்தத் தாள்தான். நாங்கள் ஜெனீவாவுக்குப் போகப் போவதில்லை. நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போனாலே போதும். அங்கே போனாலும் முதலில் கேட்பது நியமனக் கடிதத்தைத்தான்.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களிடமிருந்து 8 சதவீதம், உங்களிடமிருந்து 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு உங்களிடமிருந்து இன்னும் 3 சதவீதம். சட்டம் தெளிவாக இருக்கிறது, பெரும்பாலான கம்பனிகள் ஒழுங்காகவே கட்டுகின்றன. பிரச்சினை வேறு இடத்தில். வீரனின் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு மிச்சத்தை மேட்ச் காசு, போக்குவரத்து என்று கவரில் கொடுப்பார்கள். கவரில் வந்ததற்கு நிதி இல்லை. அந்த நேரம் கை நிறையக் காசு இருக்கும், இளவயதில் யாரும் யோசிப்பதில்லை. அப்புறம் பெயர். என் பெயரை ஒரு கம்பனி ஆங்கிலத்தில் ஒரு விதமாக எழுதியது, இன்னொன்று தகப்பன் பெயரை முன்னால் போட்டது, மூன்றாவது ஒரு எழுத்தை விழுங்கிவிட்டது. ஒவ்வொரு கம்பனிக்கும் ஒரு பீ கார்ட், அதாவது நிதியின் அங்கத்துவ அட்டை, ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்க்கலாம், ஆனால் அதற்குச் சத்தியக் கடதாசியும் பழைய கம்பனிகளின் கடிதமும் கேட்கிறார்கள், அதில் சில கம்பனிகள் இப்போது இல்லை. தமிழ்ப் பெயர்க்காரர்கள் நிறையப் பேர் இதில் அலைகிறார்கள். ஆளை எடுக்கும்போது அடையாள அட்டையைப் பார்த்து ஒரு தடவை சரியாக எழுதினால் ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் அலைய வேண்டியதில்லை.

பெண்கள் அணிகளைப் பற்றி எழுத அவர்களுக்குத்தான் உரிமை அதிகம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். 84 நாள் பிரசவ விடுமுறை சட்டத்தில் இருக்கிறது. விடுமுறை முடிந்து மேசைக்குத் திரும்பியவரை அணிக்கு மட்டும் கூப்பிடாமல் விட்ட கதைகள் எனக்குத் தெரியும். அணியில் இல்லை என்பதால் அடுத்த வருடம் மேசையும் இல்லை. யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் அவுஸ்திரேலியக் கழக அணி வரைக்கும் போனார், 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அவரைவிட அதிக கோல் போட்டவர் யாரும் இல்லை. அவருடைய படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் நாளைக்கு உங்கள் கம்பனிகளுக்குத்தான் வருவார்கள். அவர்களுக்கு என்ன கடிதம் கொடுக்கப் போகிறீர்கள்?

உங்கள் பதில் என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், பல தடவை கேட்டிருக்கிறேன். "நாங்கள் தொழில்முறைக் கழகம் இல்லை. இது ஊழியர் நலன். ஊழியர்கள் வேலை முடிந்து ஆடுகிறார்கள், அவ்வளவுதான்." ஏற்கெனவே வேலை செய்கிற ஊழியர்களைச் சேர்த்து அணி அமைக்கிற கம்பனிகள் உண்டு. அவர்களுக்கு இந்த வாதம் பொருந்தும், இந்த மடல் அவர்களுக்கு இல்லை. வெளியிலிருந்து ஆட்டக்காரரைத் தேடி, பயிற்சியாளரை மேசையில் வைத்து, போட்டிக்கு முந்திய மாதத்தில் கடிதம் கொடுக்கிறவர்கள் ஊழியர் நலன் என்று சொல்வது சரியில்லை. அது தொழில். தொழில் என்றால் தொழிலின் கடமையும் வேண்டும்.

இந்த ஒளிவுமறைவால் கஷ்டப்படுவது நாங்கள் மட்டும் இல்லை. நான் மாலை நான்கரைக்குப் பயிற்சிக்குக் கிளம்பும்போது பக்கத்து மேசை அக்காதான் என் வேலையையும் சேர்த்துச் செய்வார். அவருக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. என் கடிதத்திலும் அவர் கடிதத்திலும் ஒரே பதவி, ஒரே நேரம். அவர் என்மேல் கோபப்பட்டால் அது நியாயம்தான். என் கடமையில் பாதி கோட்டில் என்று எழுதியிருந்தால் மிச்சப் பாதிக்கு நீங்கள் வேறொருவரை எடுக்க வேண்டிவந்திருக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும், அது நடந்திருக்கிறது. ஒரு கம்பனியில் என்னைச் சும்மா மேசையில் உட்கார வைக்காமல் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிற ஒரு மூத்த வார்ஃப் கிளார்க்கோடு அனுப்பினார்கள். காலையில் அவரோடு துறைமுகம், மாலையில் பயிற்சி. கஸ்டெக் என்ற சுங்கப் படிவத்தை எப்படி நிரப்புவது, எந்தப் பொருளுக்கு எந்தக் குறியீடு, எந்த மேசையில் எந்த முத்திரை என்று எல்லாவற்றையும் அவர்தான் சொல்லித் தந்தார். சீசன் நடக்கும் மாதங்களில் அரை நாள் வேலை, மற்ற மாதங்களில் முழு நாள் என்று மனிதவளப் பொறுப்பாளர் ஒரு தாளில் எழுதி என்னிடம் ஒரு பிரதியும் தந்தார். அந்தக் கம்பனியின் அணி பிறகு கலைந்துவிட்டது. ஆனால் கால் ஓய்ந்தபின் என் வீட்டில் அடுப்பு எரியப் போவது அந்தத் தொழிலால்தான். இதைச் செய்ய அவர்களால் முடிந்தது என்றால் உங்களாலும் முடியும்.

ஆகவே ஒவ்வொரு கடிதத்திலும் இவ்வளவும் இருக்கட்டும். ஆட்டம் கடமையின் பகுதி, அதில் வரும் காயம் வேலையில் வந்த காயம், சிகிச்சை முடியும்வரை வேலை இருக்கும். அணியிலிருந்து எடுத்தால் மேசை வேலைக்கு என்ன நடக்கும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். விலகுகிறவரின் விடுவிப்புக் கடிதத்தை அடுத்த போட்டி முடியும்வரை அமுக்கி வைக்கக் கூடாது, அது எங்களில் பலருக்கு நடந்திருக்கிறது. ஐந்து வருடம் முடியாவிட்டாலும் முடித்த வருடங்களுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் கொடுங்கள். சட்டம் சொல்வது குறைந்தபட்சம், அதற்கு மேல் கொடுக்க எந்தத் தடையும் இல்லை. கவரில் வருகிற காசு சம்பளச் சீட்டில் வரட்டும். கடிதம் கையெழுத்துப் போடுகிறவருக்கு விளங்குகிற மொழியில் இருக்கட்டும், தமிழோ சிங்களமோ. பத்தொன்பது வயதில் ஆங்கிலக் கடிதத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும் பார்த்துப் போட்டவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

எல்லாக் கம்பனிகளும் ஒரே மாதிரிக் கடிதத்தைப் பாவித்தால் யாருக்கும் நட்டம் இல்லை. ஒருவர் மட்டும் கொடுத்தால் அவருக்குச் செலவு கூடும் என்ற பயமும் இருக்காது. இலங்கைக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனமும் மெர்கன்டைல் போட்டியை நடத்துகிறவர்களும் வீரர்களைப் பதிவு செய்யும் படிவத்தோடு அந்தக் கடிதத்தின் பிரதியையும் கேட்டால் வேலை இன்னும் சுலபம். அவர்களுக்கும் இந்த மடலின் பிரதி போகிறது.

நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறோம், தமிழிலும் சிங்களத்திலும். இரண்டு பக்கம்தான். தொழில் சட்டம் தெரிந்த ஒருவர் வாசித்துத் திருத்தித் தந்திருக்கிறார். உங்கள் சட்டப் பிரிவு இன்னும் திருத்த வேண்டும் என்றால் தாராளமாகத் திருத்தலாம், அதற்காகத்தான் வரைவு. அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கத் தொடங்கும் முன் ஒரு நாள் நேரம் தாருங்கள். எந்தக் கம்பனிக்கும் வருவோம். மாலை என்றால் ஐந்து மணிக்கு முன் சொல்லுங்கள், அதற்குப் பிறகு எங்களுக்குப் பயிற்சி.

இப்படிக்கு,
உங்கள் அணிகளில் ஆடிய, ஆடிக்கொண்டிருக்கிற ஒரு வீரர்
வெள்ளவத்தை, கொழும்பு 6